ஹாஸ்டலுக்கு அனுப்புவதற்கு முன்னால் வரவேண்டிய பணம்

மே மாதம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும் தாராவிப் பிள்ளைகளில் சிலர் ஜூனில் திரும்பி வருவதில்லை. லீவுக்குப் போனவர்கள் அங்கேயே இருந்துவிடுகிறார்கள். ஆச்சி வீடு, சித்தி வீடு, அதற்கும் வழியில்லை என்றால் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் ஏதாவது ஒரு ஹாஸ்டல். "இங்க வச்சுப் பாக்க முடியல, அதான் ஊர்ல விட்டுட்டோம்" என்பார்கள். அக்கம்பக்கத்தில் யாரும் அதற்கு மேல் துருவ மாட்டார்கள். பிள்ளையை ஊரில் விடுவது நம் குடும்பங்களில் புதிதும் இல்லை, கேவலமும் இல்லை.

துருவினாலும் வெளியே வருவது பெரிய கொடுமைக் கதையாக இருக்காது. அம்மாவுக்கு டி.பி., மாதக்கணக்கில் மருந்து, பார்த்துக்கொண்டிருந்த வீட்டு வேலை போய்விட்டது. அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போயிற்று. ரூம் மாறியதில் டெபாசிட் பணம் கைவிட்டுப் போனது. இட்லி யாவாரத்துக்கு விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்புப் பற்றவைக்க வேண்டும், ஐந்து வயதுப் பெண்ணைத் தனியாக விட்டுப்போக மனசில்லை. சில ஆயிரம் ரூபாயும் சில மாத அவகாசமும் கிடைத்திருந்தால் இவற்றில் பாதியைச் சமாளித்திருக்கலாம்.

இந்தக் கட்டத்தில் அந்தக் குடும்பம் குழந்தைகள் நலத் துறையின் கண்ணில் படாது. பிள்ளை தாதர் ஸ்டேஷனில் தனியாகத் திரிந்தாலோ, சிக்னலில் கையேந்தினாலோ, ஓட்டலில் டம்ளர் கழுவிப் பிடிபட்டாலோதான் படும். அதற்குள் குடும்பம் பாதி கலைந்திருக்கும். பிள்ளையைப் பிரிக்கும் நிலை வருவதற்கு முன்பே குடும்பத்தைத் தாங்கிப் பிடிப்பது என்ற யோசனை இப்போது பல நாடுகளில் குழந்தைகள் நலச் சீர்திருத்தத்தின் நடுவில் இருக்கிறது. நம் சட்டத்திலும் அதற்கு இடம் உண்டு, திட்டம் உண்டு, பட்ஜெட்டில் தலைப்பும் உண்டு. ஆனால் அந்த உதவி, குழந்தை ஒரு 'கேஸ்' ஆன பிறகு போய் நிற்க வேண்டிய வாசலில்தான் கிடைக்கிறது. அதுவும் மெதுவாக. வெளிமாநிலத்திலிருந்து வந்து மும்பையில் மூன்று தலைமுறையாக இருப்பவர்களுக்கு அந்த வாசல் இன்னும் கொஞ்சம் தூரம்.

பிடித்து வைப்பதிலிருந்து வீட்டில் வைப்பதற்கு

சட்டத்தின் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மதராஸ் மாகாணம் 1920-ல் குழந்தைகள் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் அதுதான் முதல். வங்காளத்தில் 1922, பம்பாயில் 1924. பம்பாயில் அந்தச் சட்டத்தை ஒட்டி 1927-ல் சில்ட்ரன்ஸ் எய்டு சொசைட்டி உருவானது. டோங்ரி, மான்குர்து என்று மும்பைக்காரர்கள் இன்றைக்கும் ஊர்ப் பெயரை வைத்தே சொல்லும் இல்லங்கள் அதன் கீழ் வந்தவை. அந்தக் காலச் சட்டங்களுக்குத் தெருவில் நிற்கும் பிள்ளை தெரிந்தது. அந்தப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து, ஏன் வந்தது என்பது அவ்வளவாகத் தெரியவில்லை. பிடி, இல்லத்தில் வை, ஒரு தொழில் கற்றுக்கொடு, பதினெட்டில் அனுப்பு.

இப்போது நடப்பில் இருப்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். 2016 ஜனவரி 15-ல் அமலுக்கு வந்தது. அதன் 3-ஆவது பிரிவு சில அடிப்படைக் கொள்கைகளை வரிசையாகச் சொல்கிறது. குழந்தையை வளர்த்துக் காக்கும் முதல் பொறுப்பு பெற்ற குடும்பத்துக்கு, அல்லது தத்தெடுத்த, வளர்க்கும் குடும்பத்துக்கு. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. சேர்த்தாலும் சீக்கிரமாக வீட்டுக்குத் திருப்பி அனுப்பப் பார்க்க வேண்டும். படிக்க நன்றாகவே இருக்கிறது.

நடைமுறையில் முடிவெடுப்பது மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள்; மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் உண்டு; மாதத்தில் குறைந்தது இருபது நாள் கூட வேண்டும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை என்று யாராவது ஒரு குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் இந்தக் குழு முன்னால் கொண்டுபோக வேண்டும். சமூக விசாரணை 15 நாளில் முடிய வேண்டும், இறுதி உத்தரவு நான்கு மாதத்துக்குள். கவனித்தால் ஒன்று புரியும். காலக்கெடு எல்லாம் குழந்தை குழு முன்னால் வந்த நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்குபவை. அதற்கு முந்தைய ஆறு மாதத்துக்கு, அதாவது அம்மா மருந்து சாப்பிட்டுக்கொண்டு வேலையில்லாமல் இருந்த அந்த ஆறு மாதத்துக்கு, யாருக்கும் எந்தக் கெடுவும் இல்லை.

இல்லங்களில் இருப்பவர்கள் எல்லோரும் அநாதைகள் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக உண்டு. பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போடுவது தமிழ் நடுத்தர வர்க்கத்தின் வழக்கமாகவே ஆகிவிட்டதில் அதற்குப் பங்கு இருக்கலாம். மத்திய அரசு நாடு முழுவதும் இல்லங்களைக் கணக்கெடுத்து 2018-ல் வெளியிட்ட அறிக்கையில் 9,589 இல்லங்களும், அவற்றில் பராமரிப்பு தேவைப்படுவோராகச் சுமார் 3.7 லட்சம் குழந்தைகளும் இருந்தார்கள். தாய் தகப்பன் இருவரும் இல்லாதவர்கள் அதில் சிறுபான்மைதான். ஒருவர் மட்டும் உள்ள பிள்ளைகள் அவர்களைவிட அதிகம்.

அதற்கு முந்தைய வருடம் உச்ச நீதிமன்றம் இல்லங்களின் நிலைமை பற்றி ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. வழக்கின் பெயரிலேயே தமிழ்நாடு இருக்கிறது: மகாபலிபுரம் பக்கத்து இல்லங்களில் குழந்தைகளுக்கு நடந்த கொடுமை பற்றி 2007-ல் வந்த ஒரு பத்திரிகைக் கட்டுரைதான் அதன் தொடக்கம். பத்து வருடம் நடந்து, 2017 மே மாதம் நீதிபதி மதன் லோகூர், நீதிபதி தீபக் குப்தா அமர்வு, இல்லத்தை மட்டுமே நம்பாமல் குடும்பச் சூழலில் பராமரிக்கும் வழிகளை வளர்க்கச் சொன்னது.

அப்புறம் வந்தது கொரோனா. 2020 ஊரடங்கு தொடங்கியபோது இல்லங்களில் 2,27,518 குழந்தைகள் இருந்ததாகவும், அவர்களில் 1,45,788 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டதாகவும் அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. அத்தனை பேருக்கும் திரும்பிப் போக ஏதோ ஒரு வீடு இருந்திருக்கிறது. அப்படியானால் முதலில் ஏன் வந்தார்கள் என்ற கேள்வியை அந்த எண்ணே கேட்கிறது. வீடு திரும்பிய பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. வீட்டுக்குப் போவதென்றால் பணமும் கூடப் போக வேண்டும் என்பது அங்கே எழுத்தில் வந்தது.

இன்னொரு கணக்கும் அந்தக் காலத்ததுதான். 2020 ஏப்ரலிலிருந்து 2022 ஜனவரி வரை, கொரோனாவாலோ வேறு காரணங்களாலோ பெற்றோரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தொகுத்தது 1,47,492 பேர். இருவரையும் இழந்தவர்கள் 10,094. ஒருவரை மட்டும் இழந்தவர்கள் 1,36,910. இதில் மத்திய அரசின் பி.எம். கேர்ஸ் திட்டத்தின் 10 லட்சம் ரூபாய் அறிவிப்பு, தலைப்புச் செய்தி எல்லாம் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு. அது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அடுத்த ஐந்து வருடத்தில் ஹாஸ்டல் வாசலில் வந்து நிற்கப்போவது யார் என்று கேட்டால், அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் மிஞ்சிய அந்த லட்சத்துச் சொச்சம் பிள்ளைகளின் வீடுகளைத்தான் நான் காட்டுவேன்.

நாலாயிரம் ரூபாய், எட்டாயிரம் ரூபாய்

வீட்டிலேயே வைத்து வளர்க்கப் பணம் கொடுக்கும் திட்டங்கள் இரண்டை மும்பைக் குடும்பங்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா. 2009-10-ல் ஒருங்கிணைந்த குழந்தைப் பாதுகாப்புத் திட்டமாகத் தொடங்கிப் பெயர் மாறிப் பெயர் மாறி இப்படி ஆகியிருக்கிறது. இதில் ஸ்பான்சர்ஷிப் என்ற பிரிவில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். இளைஞர் நீதிச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு யாருக்கு என்று சொல்கிறது: விதவை, விவாகரத்தான, கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், பெற்றோர் இல்லாமல் உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகள், பெற்றோருக்கு உயிர்க்கொல்லி நோய், அல்லது விபத்தில் முடங்கிப் பிள்ளையைப் பார்க்க முடியாத நிலை. ஏற்கெனவே இல்லத்தில் இருக்கும் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவரக் கொடுப்பது ஒரு வகை; இல்லத்துக்குப் போகாமல் தடுக்கக் கொடுப்பது இன்னொரு வகை. நாம் பேசுவது இந்த இரண்டாவது.

மற்றொன்று மகாராஷ்டிரத்தின் சொந்தத் திட்டம், பால் சங்கோபன் யோஜனா. மிஷன் வாத்சல்யாவுக்கு ரொம்ப முன்னாலிருந்தே இருப்பது. ஒரு காலத்தில் மாதம் 425 ரூபாய், பிறகு 1,100, 2023 பட்ஜெட்டுக்குப் பிறகு 2,250. ஒற்றைப் பெற்றோர், கடும் நோய், சிறையில் இருக்கும் பெற்றோர் என்று இதன் வலை கொஞ்சம் அகலம். தாராவியில் இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் மிஷன் வாத்சல்யாவைக் கேள்விப்பட்டவர்களைவிட நிச்சயம் அதிகம், ஏனென்றால் மராத்தி பேசும் அக்கம்பக்கத்துப் பெண்கள் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மிஷன் வாத்சல்யாவுக்கு நகரத்தில் குடும்ப வருமான உச்சவரம்பு வருடத்துக்கு 96,000 ரூபாய். மாதம் 8,000. மும்பையில் எட்டாயிரத்தில் வாழும் குடும்பம் எது? பத்துக்குப் பத்து ரூமின் வாடகையே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மூன்று நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண் அந்த வரம்பைத் தாண்டிவிடுவாள். ஆகவே வருமானச் சான்றிதழில் எழுதப்படும் தொகை எல்லோரும் சேர்ந்து நடத்தும் ஒரு சடங்காகிவிட்டது. எழுதுகிறவருக்கும் தெரியும், கையெழுத்துப் போடுகிறவருக்கும் தெரியும். நேர்மையாக உண்மையைச் சொல்லும் பெண்தான் வெளியே நிற்கிறாள். கிராமத்துக்கு 72,000, நகரத்துக்கு 96,000 என்று வித்தியாசம் வைத்தவர்கள் மும்பையையும் ஒரு சின்ன டவுனையும் ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள்.

பிளாஸ்டிக் பைக்குள் இருப்பது

எங்கள் பக்கத்தில் இந்த மாதிரிப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பவர்களில் நானும் ஒருவன். வருகிற பெண்கள் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பை கொண்டுவருவார்கள், ஏதாவது துணிக்கடைப் பை. அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளையின் பள்ளிச் சான்று, பேங்க் பாஸ்புக், கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். வீட்டு வாசலில் பிள்ளையோடு நின்று எடுத்த போட்டோகூடக் கேட்பார்கள். நான் முதலில் எடுத்துப் பார்ப்பது பெயர்களைத்தான்.

தமிழ்நாட்டுச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரே எழுத்தாக, இனிஷியலாக முன்னால் நிற்கும். மகாராஷ்டிரத்துப் பள்ளியில் பிள்ளையின் பெயர், அப்பாவின் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாதவர் அந்த மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது? ஒருவர் தாத்தா பெயரை எழுதியிருப்பார், ஒருவர் சாதிப் பெயரை, ஒருவர் ஊர்ப் பெயரை. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு இன்னொன்று. கணவர் ஊரில் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழில் இனிஷியல், மும்பை ஆதாரில் நீட்டிய பெயர், பிள்ளையின் பள்ளிச் சான்றில் மூன்றாவதாக ஒன்று. மூன்றும் ஒரே ஆள்தான் என்று அலுவலகத்துக்குச் சொல்ல ஒரு அஃபிடவிட். அஃபிடவிட்டுக்கு ஒரு நாள் கூலி போகும், நோட்டரிக்குத் தனியாகக் காசு.

"எங்க வீட்டுக்காரரு செத்தது நெசந்தான அண்ணாச்சி, அதுக்கு எதுக்கு இத்தன பேப்பரு?" என்று ஒரு அக்கா கேட்டார். அவருடைய ரூம் பதினொரு மாத அக்ரிமென்ட்டில் இருந்தது, கரண்ட் பில் ரூம் முதலாளி பெயரில் இருந்தது, ரேஷன் கார்டு மாமியார் பெயரில் ஊரில் இருந்தது. மூன்று பிரச்சினையும் தனித்தனி கவுன்டர்.

செத்துப்போனவருக்காவது ஒரு சான்றிதழ் உண்டு. அதைவிடக் கஷ்டமான வகை ஒன்று இருக்கிறது. விவாகரத்துப் பேப்பர் இருக்கிறதா என்று கேட்டதற்கு இன்னொரு பெண், "அவரு இருக்காரு, வீட்டுக்குத்தான் வரமாட்டாரு" என்றார். குடி. மாதத்தில் ஒரு நாள் வருவார், இருப்பதை எடுத்துக்கொண்டு போவார். விதவை இல்லை, விவாகரத்து இல்லை. கைவிடப்பட்டவர் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் கைவிட்டதற்கு ரசீது யார் கொடுப்பது? போலீஸில் புகார் எழுதிக் கொடு என்றால் அவள் கொடுக்க மாட்டாள். நாளைக்கு அவன் வந்தால் என்ன பதில் சொல்வது என்ற பயம். தாராவியில் பிள்ளை ஊருக்கு அனுப்பப்படுவதற்குப் பின்னால் மரணத்தைவிட இந்த மாதிரி இருந்தும் இல்லாத கணவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு. திட்டங்கள் மரணத்தை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கின்றன.

இதற்கெல்லாம் மேலே ஒரு பயம். பால் சங்கோபன் கோப்பு கடைசியில் போய்ச் சேர்வது குழந்தைகள் நலக் குழுவிடம். பிள்ளையை இல்லத்தில் சேர்க்க உத்தரவு போடும் அதே குழு. வீட்டுக்கு விசாரிக்க ஆள் வருவார்கள் என்றதும் பல பெண்கள் பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். "பிள்ளையப் பிடிச்சிட்டுப் போயிருவாங்களாம்ல?" அப்படி நடக்காது என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் கையில் கொடுப்பவரும் கையிலிருந்து எடுப்பவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஊருக்கு அனுப்பிய பிள்ளையின் கதை வேறு. ஆச்சி பென்ஷனில் வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்மா மகாராஷ்டிரத்தில் வசிப்பவர், பிள்ளை படிப்பது தமிழ்நாட்டில். இங்கே விண்ணப்பித்தால் பிள்ளை இங்கே இல்லை. அங்கே விண்ணப்பித்தால் தாய் அங்கே இல்லை. ரேஷன் அரிசியை எந்த மாநிலத்திலும் வாங்கலாம் என்று ஆக்கிவிட்டோம். பிள்ளை வளர்ப்புக்கான பணம் மட்டும் இன்னும் மாநில எல்லையில் இறங்கிவிடுகிறது.

அமெரிக்கா செய்து பார்த்தது

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் பல வருடங்களாக மத்திய அரசின் பெரிய குழந்தைகள் நல நிதி, குழந்தையை வீட்டிலிருந்து எடுத்து வளர்ப்புப் பராமரிப்பில் வைத்த பிறகுதான் மாநிலங்களுக்குக் கிடைத்தது. எடுக்காமல் இருக்கச் செலவு செய்தால் அந்தக் கணக்கில் காசு வராது. 2018 பிப்ரவரியில் ஃபேமிலி ஃபர்ஸ்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டம் இதை மாற்றியது. பிள்ளை பிரியும் ஆபத்தில் இருக்கும் குடும்பத்துக்கு மனநலச் சிகிச்சை, குடி, போதை மீட்புச் சிகிச்சை, வீட்டுக்கே வந்து பிள்ளை வளர்ப்பில் கைகொடுக்கும் சேவை ஆகியவற்றை 12 மாதம் வரை அந்த நிதியிலிருந்து கொடுக்கலாம். வருமானச் சான்று கேட்பதில்லை. கூட்டு இல்லங்களுக்கான நிதிக்கு வரம்பும் வந்தது.

நமக்குப் பாடம் அதன் வெற்றியில் மட்டும் இல்லை, இடறலிலும் இருக்கிறது. பலன் நிரூபிக்கப்பட்டது என்று பட்டியலில் ஏறிய சேவைகளுக்கு மட்டும்தான் பணம் என்றார்கள். பட்டியல் மெதுவாக நீண்டது, மாநிலங்கள் மெதுவாகச் செலவழித்தன. அதைவிட முக்கியம், வாடகைக்கோ கையில் பணமாகவோ அந்தச் சட்டம் எதுவும் தருவதில்லை. அங்கே பிள்ளைகளைப் பிரிக்கப் பதிவாகும் காரணங்களில் 60 சதவீதத்துக்கும் மேல் 'புறக்கணிப்பு' வருகிறது. அதற்குள் எவ்வளவு நிஜப் புறக்கணிப்பு, எவ்வளவு வெறும் வறுமை என்பது அங்கே நீண்டகாலச் சண்டை. வாடகை கட்ட முடியாத தாய்க்குப் பிள்ளை வளர்ப்புப் பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும் என்று விமர்சகர்கள் கேட்கிறார்கள்.

நம் நிலைமை இதற்கு நேர் எதிர். இங்கே பணம் தரும் திட்டம் இருக்கிறது, கூட வர ஆள் இல்லை. குடிக்கும் கணவனுக்குச் சிகிச்சை, அடி வாங்கும் மனைவிக்கு ஒரு ஆறுதல், பத்து வயதுப் பையன் பள்ளிக்குப் போகமாட்டேன் என்றால் பேசிப் பார்க்க ஒருவர், இதெல்லாம் 4,000 ரூபாயோடு சேர்ந்து வருவதில்லை.

நேரமும் ஒரு உதவிதான்

மும்பை இந்த விஷயத்தில் சும்மா இருந்த ஊர் இல்லை. 1098 என்ற சைல்டுலைன் எண் 1996-ல் இங்கேதான், டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் முயற்சியாகத் தொடங்கியது. அதற்கும் முன்னால், 1988-ல், காமாத்திபுராவில் பிரேரணா என்ற அமைப்பு ஒரு இரவுப் பராமரிப்பு மையம் திறந்தது. பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களின் பிள்ளைகளுக்கு இரவில் சாப்பாடு, படுக்க இடம், படிக்க ஆள். அதுவரை அந்தப் பிள்ளைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்பட்ட தீர்வு அம்மாவிடமிருந்து பிரித்து எங்காவது அனுப்புவது. இவர்கள் பார்த்தது வேறு: ஆபத்து இருப்பது இரவு நேரத்தில், அந்த நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம், அம்மாவை எடுக்க வேண்டாம். தடுப்பு உதவிக்கு இந்த நகரத்தில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கட்டடம் கட்டும் இடத்திலேயே குழந்தைக் காப்பகம் என்ற மொபைல் கிரெஷஸ் யோசனை 1969-ல் டெல்லியில் பிறந்து 1972-ல் மும்பைக்கு வந்தது. 1996-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்றது. சப்-கான்ட்ராக்ட் என்று பிரித்துக் கணக்குக் காட்டினால் எந்த இடத்திலும் ஐம்பது வராது.

தாராவியில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருப்பது பால்வாடி. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கடைசிக் கண்ணி. சந்துக்குள் ஒரு வாடகை அறை, சுவரில் எழுத்துப் படம், ஒரு டீச்சர், ஒரு உதவியாளர். எந்த வீட்டில் சமையல் நின்றுவிட்டது, எந்தப் பிள்ளை நேற்றுப் போட்ட சட்டையோடு வந்திருக்கிறது, யாருடைய அம்மா ஒரு வாரமாக வரவில்லை என்பதெல்லாம் அந்த டீச்சருக்குத் தெரியும். ஆனால் பால்வாடி அரை நாளில் முடிந்துவிடும், அம்மாவின் வேலை முடியாது. மீதி நேரத்துக்கு மூத்த பெண் பிள்ளை பள்ளியிலிருந்து நிற்கும். அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த முழுநாள் காப்பகங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. மாதம் 2,250 ரூபாயா, மாலை ஏழு மணி வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு இடமா என்று எங்கள் பக்கத்துப் பெண்களைக் கேட்டால், பாதிக்கு மேல் இரண்டாவதைக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் பார்க்கிறவர் கையிலேயே முதல் உதவி இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து வருகிற யோசனைதான். டி.பி. மருந்து கொடுக்கும் மையத்துக்கு அந்த வீட்டை மாதக்கணக்கில் தெரியும். நோயாளிக்குச் சத்துணவுக்காக இப்போது மாதம் 1,000 ரூபாயும் போகிறது. அந்தப் பதிவிலேயே 'வீட்டில் சின்னப் பிள்ளை உண்டா, யார் பார்த்துக்கொள்கிறார்கள்' என்று ஒரு கேள்வி சேர்த்தால் என்ன? சயான் ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள், மாநகராட்சிப் பள்ளியில் டீச்சர் இருக்கிறார். இவர்கள் எழுதிக் கொடுத்தால் மூன்று மாதத்துக்கு உடனே பணம், சான்றிதழ்களை அந்த மூன்று மாதத்துக்குள் சரிபார்த்துக்கொள்வது என்று வைத்தால் ஏமாற்றுகிறவர்கள் சிலர் நுழையலாம். நுழையட்டும். இல்லம் நடத்தக் கட்டடம், சமையல்காரர், வார்டன், காவலாளி என்று ஆகும் செலவுக்கு முன்னால் அந்த நஷ்டம் பெரிதாக இருக்காது.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். எல்லாப் பிள்ளையும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று யாரும் அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. பாலியல் கொடுமை நடக்கும் வீடு, சூடு வைக்கும் வீடு, கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்ட வீடு இவற்றில் பிள்ளையை உடனே வெளியே எடுப்பதுதான் சரி. குடும்ப மானம் என்று சொல்லி இதை மூடி மறைக்கும் பழக்கம் நம் சமூகத்தில் கொஞ்சநஞ்சம் இல்லை. குடும்பத்தைத் தாங்குவது என்ற பேச்சு அந்த மூடி மறைத்தலுக்குத் துணை போய்விடக் கூடாது. பட்டினி வீட்டையும் கொடுமை வீட்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள்தான் இங்கே அடிப்படைத் தேவை. அப்படிப்பட்டவர் எத்தனை வீட்டுக்குப் பொறுப்பு என்பதைப் பொறுத்துத்தான் சட்டம் வேலை செய்வதும் செய்யாததும்.

வீட்டைப் பற்றிப் பேசிவிட்டு இடிப்பைப் பேசாமல் இருக்க முடியாது. 2025 ஜூன் 1-ல் டெல்லி ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராஸி கேம்ப் குடிசைப் பகுதி இடிக்கப்பட்டது. 370 வீடுகளில் 189-க்கு மட்டும் மாற்று வீட்டுத் தகுதி. அதுவும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி, நரேலாவில். அம்மாக்களின் வீட்டு வேலை ஜங்புராவில், பிள்ளைகள் படித்தது டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில். ஊருக்கே திரும்ப நினைப்பவர்களுக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தாராவியிலும் மறுசீரமைப்பு வேலை நடக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்னால் வந்தவர், பின்னால் வந்தவர், தரைத்தளம், மாடி என்று தகுதி பிரிகிறது. வாடகைக்கு இருப்பவர் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் மேலே இல்லை. வேலைக்குப் போகும்போது பிள்ளையை விட்டுப்போகும் எதிர்வீட்டு ஆச்சி எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் வருவதில்லை. ஆச்சி ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்று வீடு ஒதுக்கினால் அடுத்த ஜூனில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பள்ளி, பால்வாடி, காப்பகம் ஆகியவற்றை இடம் மாறும் முதல் நாளிலிருந்தே திறந்து வைப்பதும் குழந்தைகள் நலத் துறையின் வேலைதான். அந்தத் துறையை மறுசீரமைப்புக் கூட்டங்களில் யாராவது கூப்பிடுகிறார்களா என்று எங்கள் வார்டுப் பிரதிநிதிகள் கேட்கலாம்.

இப்போதைக்குக் கையில் இருப்பதை வைத்துச் சில நடைமுறைச் செய்திகள். தாராவி, சயான், மாட்டுங்கா எல்லாம் மும்பை நகர மாவட்டம். சீத்தா கேம்ப், குர்லா, மலாடு புறநகர் மாவட்டம். விண்ணப்பம் வாங்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இரண்டுக்கும் தனித்தனி, மாற்றிக் கொடுத்தால் கோப்பு தூங்கும். கணவர் இறந்திருந்தால், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பம் என்றால், தேசியக் குடும்ப நல உதவியாக ஒரே தவணையில் 20,000 ரூபாய் உண்டு. இறந்தவர் வீட்டுக்குச் சம்பாதித்தவராக, 60 வயதுக்குக் கீழ் இருந்திருக்க வேண்டும். விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் மகாராஷ்டிர அரசின் மாத உதவித்தொகைத் திட்டமான சஞ்சய் காந்தி நிராதார் யோஜனா தனி. பெயர் வித்தியாசத்துக்கு ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாக அஃபிடவிட் போடாமல், எல்லாப் பெயர்களையும் எழுதி ஒன்றே போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பள்ளிப் பதிவில் பெயரைத் திருத்த வேண்டும் என்றால் பத்தாவது பரீட்சைக்கு முன்னால் திருத்திவிடுங்கள், அதற்குப் பிறகு பெரிய அலைச்சல். கொடுத்த விண்ணப்பத்துக்கு முத்திரை வைத்த நகல் கேட்டு வாங்காமல் கவுன்டரை விட்டு நகர வேண்டாம். மராத்தி தெரியாது என்று தயங்க வேண்டியதில்லை, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எட்டாவது படிக்கிறவர்கள்கூட அழகாக எழுதிக் கொடுப்பார்கள்.